டிரெவர் நோவா அமெரிக்காவில் திடீரென முளைத்தவரா?

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டெய்லி ஷோ என்னும் அமெரிக்கச் செய்தி நையாண்டி நிகழ்ச்சியை ஏழாண்டுகள் நடத்திய நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா உங்கள் நாட்டுக்காரர்தானே? பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்க இளைஞரை, அதை முன்பு நடத்திய ஜான் ஸ்டூவர்ட் கண்டெடுத்துத் தம் நாற்காலியில் உட்காரவைத்தார் என்கிறார்களே, அது உண்மையா? பேட்டி எடுப்பதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரரா?”

ஆம், அவர் எங்கள் தென்னாப்பிரிக்காக்காரர்தான். கண்டெடுத்தார் என்ற கதைக்கும் விடை எளிது. 2015 மார்ச் 30 அன்று, டெய்லி ஷோவை ஒளிபரப்பும் காமெடி சென்ட்ரல் நிறுவனம் புதிய தொகுப்பாளராக அவருடைய பெயரை அறிவித்தபோது அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அதை முதன்முறையாகக் கேட்டிருக்கலாம். தென்னாப்பிரிக்காவிலோ அந்தப் பெயர் வானொலி, தொலைக்காட்சி, மேடை, விளம்பரப் பலகை என்று எல்லா இடத்திலும் பல ஆண்டுகளாகப் புழங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு படி மேலே போயும் சொல்வேன். அமெரிக்கர்களுக்கு அவரிடம் எது புதுமையாகத் தெரிந்ததோ, அது பெரும்பாலும் இந்த நாட்டின் தெருவும் தொலைக்காட்சியும் அவருக்குப் பழக்கிக்கொடுத்தது. பேட்டியைப் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. அதற்கு அவர் வளர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நோவா பிறந்தது 1984 பிப்ரவரி 20-ஆம் நாள், ஜோகனஸ்பர்க்கில். தாய் பட்ரிஷியா நொம்புயிசெலோ நோவா, கோசா மொழி பேசும் கறுப்பினப் பெண். தந்தை ராபர்ட், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர். வெள்ளையரும் கறுப்பரும் உடலுறவு கொள்வதை 1927-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தது. 1950-இல் அதை விரிவாக்கி, வெள்ளையருக்கும் வெள்ளையரல்லாத எவருக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கினார்கள். அந்தத் தடையில் இங்கே வாழும் எங்கள் தமிழர்களும் அடக்கம். 1985-இல்தான் அது நீக்கப்பட்டது. ஆகவே நோவா பிறந்த நாளில் அவருடைய பெற்றோரின் உறவே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2016-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்கு ‘பார்ன் எ கிரைம்’ என்று அவர் தலைப்பு வைத்ததன் பின்னணி இதுதான். அதே 1984-இல் இந்தியர்களுக்கும் கலப்பினத்தாருக்கும் தனித்தனி அவை கொடுத்து, கறுப்பினத்தாருக்கு எதுவுமே கொடுக்காத மூவவை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்த ஆட்சியில், எந்தக் கட்டத்திலும் சரியாக அடங்காத பிள்ளையாக அவர் பிறந்தார்.

சிறுவயதில் அவர் தந்தையோடு தெருவில் சேர்ந்து நடக்க முடியாது. தாயும் வெளிப்படையாகக் கைபிடித்துக்கொண்டு போக முடியாது; கலப்பினப் பெண் ஒருவரைக் குழந்தையின் தாயைப்போல முன்னே நடக்கவிட்டு, தாம் வேலைக்காரியைப்போலப் பின்னால் போனதை நோவா எழுதியிருக்கிறார். ஜோகனஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் பாட்டி வீட்டில் தங்கும் நாள்களில், போலீஸ் கண்ணில் பட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சிப் பாட்டி அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். நான் வாழும் லெனேசியா, இந்தியர்களைக் குடியமர்த்துவதற்கென்று அன்றைய அரசு உருவாக்கிய ஊர். சொவேட்டோவுக்கு அடுத்தாற்போல இருக்கிறது. இடையில் இருந்த வெற்று நிலமும் தொடர்வண்டிப் பாதையும் தற்செயலாக அமைந்தவை அல்ல. இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் வளர வேண்டும் என்பதே ஏற்பாடு. அதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், பின்னாளில் எல்லாச் சமூகத்தாரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து அவர் சிரிக்கவைத்ததன் எடை புரியும்.

அவருக்கு வாய்த்த கருவி மொழி. கோசா, சூலு, சோத்தோ, ட்ஸ்வானா, ட்ஸோங்கா, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் ஆகியவற்றில் பேசுவார். ஜெர்மன் மொழியிலும் ஓரளவு பேசுவார். தெருவில் தன் பின்னால் வந்த சூலு இளைஞர்கள் தன்னைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுவதைக் கேட்டு, திரும்பி நின்று சூலு மொழியிலேயே பதில் சொல்லித் தப்பித்த நிகழ்ச்சியை அந்த நூலில் விவரிக்கிறார். எச். ஏ. ஜாக் தொடக்கப்பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த முதல்தர வகுப்பில் அவரைச் சேர்த்தபோது, கறுப்பினப் பிள்ளைகள் இருந்த வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் போயிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் எந்தக் குழுவிலும் சேராமல், பள்ளிக் கடையில் மற்றவர்களுக்காக ஓடிப்போய்ப் பண்டம் வாங்கித் தந்து கூலி பெற்றார். பிறகு பாடல் குறுந்தட்டுகளைப் படியெடுத்து விற்றார். அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பில் விருந்துகளுக்கு இசை போட்டார். வளர்ப்புத் தந்தையின் பட்டறையிலிருந்து எடுத்துப்போன ஒரு காரால் சில நாள் காவலிலும் இருந்தார். கூட்டத்துக்குள் நுழைவது, அவர்கள் பேச்சில் பேசுவது, அவர்களில் ஒருவராக ஆகாமலே வெளியேறுவது ஆகிய மூன்றும் மேடையேறும் முன்பே அவருக்குக் கைவந்துவிட்டன.

இனி இந்த நாட்டுத் தொலைக்காட்சி. தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம்: தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி 1976 ஜனவரி 5-ஆம் நாள்தான் தொடங்கியது. பணமோ தொழில்நுட்பமோ இல்லாமல் அல்ல. அஞ்சல், தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் போன்றவர்கள், அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் வெள்ளையர் வாழ்வும் நிறவெறிக் கொள்கையும் கெட்டுப்போகும் என்று கருதி ஆண்டுக்கணக்கில் தடுத்துவைத்திருந்தார்கள். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதை உலகமே நேரடியாகப் பார்த்தபோது இங்கே பார்க்க முடியாமல் போனதுதான் அந்தப் பிடிவாதத்தை ஆட்டம் காணச்செய்தது. தொடங்கிய பிறகும் ஆங்கிலத்துக்குப் பாதி நேரம், ஆஃப்ரிகான்ஸுக்குப் பாதி நேரம். 1982-இல்தான் ஆப்பிரிக்க மொழிகளுக்கு இரண்டு அலைவரிசைகள் வந்தன. இந்தியர்களுக்கு 1983-இல் கிடைத்தது ரேடியோ லோட்டஸ் என்னும் வானொலி; இன்றும் லோட்டஸ் எஃப்.எம். என்ற பெயரில் டர்பனிலிருந்து ஒலிக்கிறது. சட்டம் குடியிருப்பைப் பிரித்ததுபோல அலைவரிசை காதையும் கண்ணையும் பிரித்தது.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு இது தலைகீழானது. பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. 1996-இல் தன் அலைவரிசைகளை மாற்றியமைத்தபோது ஒரே நிகழ்ச்சியில் மூன்று நான்கு மொழிகள் கலந்து ஓடத் தொடங்கின. ஒருவர் சூலுவில் கேட்பார், மற்றவர் சோத்தோவில் பதில் சொல்வார், திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். உரையாடல் நிகழ்ச்சிகளும் அப்போதுதான் பெருகின. அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய ஃபெலிசியா மபூசா சட்டில், பார்வையாளர்களை எதிரெதிரே உட்காரவைத்து இனம், பாலியல், குடும்பம் என்று அதுவரை பொதுவில் பேசாதவற்றைப் பேசவைத்தார். உங்கள் ஊர் ‘நீயா நானா’வைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு எளிதில் விளங்கும். விடுதலைப் போராட்டத் தலைவர் ஆலிவர் தாம்போவின் மகன் டாலி தாம்போ, பிரமுகர்களை வரவழைத்துப் பேசும் ஆடம்பரமான நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். பெண் வேடமிட்ட நையாண்டிக் கலைஞர் பீட்டர் டிர்க் ஆய்ஸ், அந்த வேடத்திலேயே மண்டேலா உள்ளிட்ட தலைவர்களைப் பேட்டி கண்டார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளை 1996 முதல் 1998 வரை ஞாயிறுதோறும் எஸ்.ஏ.பி.சி. தொகுத்துக் காட்டியது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களின் தாய்மாரும் ஒரே அறையில் அமர்ந்து பேசியதை நாடு முழுவதும் பார்த்தது. நோவா அப்போது பதின்வயதின் வாசலில் இருந்தார். கேள்வி கேட்பவர் குரலை உயர்த்தாமலே கடுமையான உண்மை வெளிவர முடியும் என்பதை அந்த ஆண்டுகளில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவருடைய பேட்டிகளைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

அவருடைய தொழில் தொடங்கியது 2002-இல் ‘இசிடிங்கோ’ என்னும் தொடரில் கிடைத்த சிறு வேடத்தில். பிறகு வைஎஃப்எம் வானொலியில் சொந்த நிகழ்ச்சி, எஸ்.ஏ.பி.சி.யில் மாணவர்களுக்கான ஒரு கல்வி நிகழ்ச்சி. 2007-இல் திரைப் பிரபலங்களைப் பற்றிய கிசுகிசு நிகழ்ச்சி. ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. 2008-இல் நடனப் போட்டித் தொடரில் ஆடி இரண்டாம் இடம் பெற்றார். இவற்றில் எதையும் பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை யாரும் நினைவில் வைத்திருக்காத, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகள். ஆனால் கேமரா முன்னால் தயக்கமின்றி நிற்பதும், மோசமான எழுத்தைத் தன் வாயால் சரிசெய்வதும், வந்த விருந்தினர் பேசத் திணறினால் நேரத்தை நிரப்புவதும் இத்தகைய நிகழ்ச்சிகளில்தான் பழகும்.

அவரைத் தூக்கி நிறுத்தியது மேடை நகைச்சுவை. டேவிட் காவ், ககிசோ லெடிகா, லொயிசோ கோலா, ரியாத் மூசா என்று ஒரு கூட்டமே அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. நோவா அவர்களுள் இளையவர், வேகமானவர். 2009-இல் ‘தி டேவாக்கர்’ என்ற தனிமேடை நிகழ்ச்சி, 2010-இல் தென்னாப்பிரிக்க இசை விருது விழாவைத் தொகுக்கும் பொறுப்பு, அதே ஆண்டில் செல் சி கைப்பேசி நிறுவனத்தின் விளம்பர முகம். அந்த விளம்பரத்தின் கதை வேடிக்கையானது. மேடையில் அவர் அந்நிறுவனத்தின் சேவையைக் கிண்டலடிக்கும் காணொலி ஒன்று பரவியது. நிறுவனம் நாளிதழில் திறந்த மடல் எழுதி மன்னிப்புக் கேட்டது. பிறகு பார்த்தால் எல்லாமே முன்கூட்டித் திட்டமிட்ட நாடகம், அவர்தான் புதிய விளம்பரத் தூதர். ரசிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் 26 வயதில் அவர் நாட்டுக்கு எவ்வளவு பழக்கமானவராக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்றும் அந்த ஆண்டுக்குரியதே. 2010-இல் எம்-நெட் அலைவரிசையில் ‘டுநைட் வித் டிரெவர் நோவா’ என்ற பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சி தொடங்கி, 2011 வரை இரண்டு பருவங்கள் ஓடியது. நகைச்சுவைத் தொடக்கவுரை, மேசை, விருந்தினர் என்ற அமெரிக்க அச்சில் வார்த்த நிகழ்ச்சி அது. ஆக, நியூயார்க்கில் மேசைக்குப் பின்னால் உட்காருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே ஜோகனஸ்பர்க்கில் அதே மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டார். அந்த நிகழ்ச்சி மிகச் சிறப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் இ.டிவி.யில் லொயிசோ கோலா நடத்திய செய்தி நையாண்டி நிகழ்ச்சி அரசியலில் இன்னும் கூர்மையானது. பன்னாட்டு எம்மி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. நிகழ்ச்சியின் தரத்தை மட்டும் பார்த்து ஆள் தேடியிருந்தால் ஸ்டூவர்ட்டின் கண் கோலா மீதும் விழுந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு குடும்பத் துயரத்தையும் சொல்ல வேண்டும், அவருடைய நகைச்சுவையைப் புரிந்துகொள்ள அது தேவை. 2009-இல் அவருடைய தாயை, பிரிந்துபோயிருந்த வளர்ப்புத் தந்தை துப்பாக்கியால் சுட்டார். தலையின் பின்புறம் பாய்ந்த குண்டு மூளையைத் தொடாமல் முகத்தின் வழியே வெளியேறியது. மருத்துவமனையில் கண்விழித்த தாய், இனிமேல் குடும்பத்தில் அழகான ஆள் நீதான் என்று மகனிடம் வேடிக்கை சொன்னாராம். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பது அவருக்கு மேடை உத்தி மட்டுமல்ல, வீட்டு வழக்கமும்கூட.

2011-இல் அமெரிக்காவுக்குப் போனார். 2012 ஜனவரியில் ஜே லெனோவின் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியில் தோன்றினார். அதில் ஏறிய முதல் தென்னாப்பிரிக்க மேடை நகைச்சுவையாளர் அவரே. 2013 மே மாதம் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியிலும் அப்படியே. இடையில் எடின்பரோ விழாவிலும் பிரிட்டன் முழுவதும் ‘தி ரேசிஸ்ட்’ என்ற மேடை நிகழ்ச்சியை நடத்தினார். 2014 டிசம்பரில் டெய்லி ஷோவில் பங்களிப்பாளராக முதன்முதலில் வந்தபோது, ஆப்பிரிக்கா எது, அமெரிக்கா எது என்று படங்களைக் காட்டி ஸ்டூவர்ட்டையே கண்டுபிடிக்கச் சொல்லித் திணறடித்தார். அதே தோற்றத்தில், அமெரிக்கப் போலீஸைப் பார்த்தால் பழைய தென்னாப்பிரிக்காவின் மீதே ஏக்கம் வருகிறது என்ற பொருள்படப் பேசினார். ஸ்டூவர்ட் அந்த நிகழ்ச்சியை 1999 முதல் நடத்தியவர். செய்தியை நையாண்டியாகச் சொல்லும் பாணியை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர். அவருடைய வாரிசாக நோவா அறிவிக்கப்பட்டது, அந்த முதல் தோற்றத்துக்குப் பிறகு நான்கு மாதம்கூட ஆகாத நிலையில். அறிவிப்பு வந்தபோது நோவா துபாயில் இருந்தார். ஒரே நாளில் அவருடைய பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டியெடுத்து, யூதர்களையும் பெண்களையும் பற்றி மலிவான கிண்டல் செய்தவர் என்று குற்றம் சாட்டினார்கள். அவற்றுள் சில உண்மையிலேயே மட்டமானவைதான். நிறுவனம் அவரைக் கைவிடவில்லை.

2015 செப்டம்பர் 28 அன்று முதல் நிகழ்ச்சி. நியூயார்க்கில் இரவு 11 மணி என்றால் அந்தப் பருவத்தில் எங்களுக்கு மறுநாள் விடியற்காலை 5 மணி. தன் நாட்டில் வளர்ந்தபோது வீட்டுக்குள் கழிப்பறையும் டெய்லி ஷோ நாற்காலியும் கிடைக்கும் என்று கனவு கண்டதில்லை, இப்போது இரண்டும் கிடைத்துவிட்டன, ஒன்றில் மட்டும் சௌகரியமாக உட்கார முடிகிறது என்று தொடங்கினார். முதல் சில மாதங்கள் அவருக்குச் சௌகரியமாக இல்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டூவர்ட் கோபத்தில் நின்றவர். நோவா புன்னகையில் நின்றவர். தாங்கள் படும் ஆத்திரத்தைத் தங்கள் சார்பில் வெளியிட ஒருவரை எதிர்பார்த்திருந்த அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு இது உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

அவர் தன் இடத்தைக் கண்டுகொண்டது, நான் பார்த்தவரை, தொடங்கிய சில நாள்களிலேயே வந்த ஒரு பகுதியில். அப்போது வேட்பாளராக இருந்த டொனால்ட் டிரம்பின் பேச்சுகளையும் தென்னாப்பிரிக்காவின் ஜேக்கப் சூமா, உகாண்டாவின் இடி அமீன், லிபியாவின் கடாஃபி, ஜிம்பாப்வேயின் முகாபே ஆகியோரின் பேச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அமெரிக்காவுக்கு ஓர் ஆப்பிரிக்க அதிபர் கிடைக்கப்போகிறார் என்று காட்டினார். அமெரிக்காவில் பிறந்த எவரும் அன்று அதைச் செய்திருக்க முடியாது. தங்கள் அரசியல் உலகில் தனித்த ஒன்று என்று நம்பியவர்களிடம், இதை எங்கள் கண்டத்தில் பலமுறை பார்த்துவிட்டோம், அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும் என்று சொன்னார். ஏழாண்டுகளில் அவர் செய்த சிறந்த வேலைகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே. மலேசியாவில் பிறந்த ரோனி சியெங் போன்றவர்களைச் செய்தியாளர்களாகச் சேர்த்துக்கொண்டதும் இதே நோக்கில்தான்.

பேட்டிக்கு வருகிறேன். நேருக்கு நேர் மடக்கிக் கேட்கும் பேட்டியாளரை எதிர்பார்த்தால் நோவா உங்களுக்கு ஏமாற்றம் தருவார். 2016 நவம்பர் 30-இல் டோமி லாரன் என்ற வலதுசாரி இளம் தொகுப்பாளரை அழைத்துப் பேசினார். கறுப்பின மக்களின் போராட்டத்தைக் கடுமையாகச் சாடிவந்தவர் அவர். நோவா கோபப்படவில்லை, கறுப்பின மனிதர் ஒருவர் எப்படிப் போராடினால் உங்களுக்குச் சரி என்று திரும்பத் திரும்பக் கேட்டார், விடை வரவில்லை. லாரனுக்கு மேடை கொடுத்ததே தவறு என்று ஒரு தரப்பு கண்டித்தது. இப்படித்தான் பேச வேண்டும் என்று மறுதரப்பு பாராட்டியது. எனக்கு அந்தப் பேட்டி இன்றும் பிடிக்கும், அதன் குறையோடுதான். உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, எதிராளியைப் பேசவிட்டு அவர் சொல்லாலேயே அவரை வெளிப்படுத்துவது பழக்கமான முறை. ஆனால் ஆணையத்துக்கு முன்னால் வந்தவர்கள் உண்மை சொன்னால்தான் பொதுமன்னிப்புக் கிடைக்கும் என்ற கட்டாயத்தில் இருந்தார்கள்; தொலைக்காட்சிக்கு வருபவருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அதனால் அரசியல்வாதிகளுடனான அவருடைய பேட்டிகள் பல, மரியாதை குறையாமல், எதுவும் வெளிவராமல் முடிந்துபோயின. 2016 டிசம்பரில் ஒபாமாவுடன் நடத்திய உரையாடல் விதிவிலக்கு. வெவ்வேறு இனப் பெற்றோருக்குப் பிறந்த இருவர் இனத்தைப் பற்றிப் பொதுமேடையில் எப்படிப் பேசுவது என்று அலசிய அந்தப் பகுதியில் இருவருமே வழக்கத்தைவிட நேராகப் பேசினார்கள்.

அவர் உண்மையில் ஒளிர்ந்தது நிகழ்ச்சிக்கு வெளியே. விளம்பர இடைவேளைகளில் படப்பிடிப்பு நிற்கும்போது, மேசையைவிட்டு எழுந்து அரங்கில் இருந்தவர்களோடு எழுதிவைக்காமல் பேசுவார். அதையும் பதிவுசெய்து ‘பிட்வீன் த சீன்ஸ்’ என்று இணையத்தில் வெளியிட்டார்கள். 2017-இல் அந்தக் குறும்பகுதிக்கே எம்மி விருது கிடைத்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் எங்கள் முன்னோர் ஆடிய தெருக்கூத்தை இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். அதில் கதைக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று, ராஜாவைக் கேலி செய்துகொண்டே கதையை விளக்கும் கட்டியங்காரன்தான் எனக்கு இந்த நோவாவைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவார். 2018 உலகக் கோப்பையைப் பிரான்ஸ் வென்றபோது, ஆப்பிரிக்கா வென்றது என்று அவர் வேடிக்கை செய்ததற்குப் பிரெஞ்சுத் தூதர் ஜெரார் அரோ கண்டன மடல் எழுதினார். அந்த மடலைத் தூதரின் பேச்சுத் தொனியிலேயே வாசித்து, ஒருவர் ஒரே நேரத்தில் பிரெஞ்சுக்காரராகவும் ஆப்பிரிக்கராகவும் இருக்கக் கூடாதா என்று இடைவேளையில் நின்றபடி கேட்டார். டர்பனில் பிறந்து, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, தமிழ் பேசத் தெரியாமல் ஆங்கிலத்தில் வாழும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது வேற்றுநாட்டு விவகாரமாகத் தோன்றவில்லை.

2020 மார்ச்சுக்குப் பிறகு அரங்கு மூடப்பட்டு, தன் வீட்டிலிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் அமெரிக்கப் போலீஸாரால் கொல்லப்பட்ட சில நாள்களில், கூட்டம் இல்லாமல், சிரிப்பொலி இல்லாமல், சமூக ஒப்பந்தம் என்பது என்ன, அதை முதலில் மீறியவர் யார் என்று அவர் பேசிய காணொலி உலகெங்கும் பரவியது. அதில் நகைச்சுவை அநேகமாக இல்லை. சொல்லி விளங்கவைக்கும் ஆற்றல் மட்டும் இருந்தது.

தடுமாற்றங்களையும் மறைக்கக் கூடாது. 2019-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரின் விளிம்பில் நின்றபோது, அந்தப் போர் ஆட்டம்பாட்டத்தோடு நடக்கும் வேடிக்கையான போராக இருக்கும் என்று கேலி செய்தார். எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தார். தன் தாய் சுடப்பட்டபோதும் துயரத்தைக் கடக்கச் சிரிப்பையே நாடியதாக விளக்கினார். விளக்கம் உண்மையானது, ஆனால் அங்கே துயரம் வேறொருவருடையது. 2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரிட்டன் பிரதமரானபோது, அதற்கு எதிராக இனவெறி அலை எழுந்ததாகக் காட்டிப் பேசினார். நடப்பு அப்படி இல்லை, அமெரிக்கப் பார்வையாளருக்காகச் சொல்லும் கதை இது என்று பிரிட்டனின் முன்னாள் அமைச்சர் சாஜித் ஜாவித் உள்ளிட்டோர் மறுத்தார்கள். இந்த இடத்தில் மறுத்தவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவுக்கு அயலார் கண்ணைக் கொடுத்தவர், ஏழாண்டு முடிவில் மற்ற நாடுகளை அமெரிக்கக் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

எங்கள் சமூகத்தில் அவரைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. தொடக்க கால மேடைகளில் எல்லாரையும் போலச் செய்துகாட்டியவர், இந்தியர்களின் பேச்சுத் தொனியையும் விடவில்லை. நாட்டின் மக்கள்தொகையில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான எங்களை மேடையில் கேலிப்பொருளாக மட்டும் பார்த்துப் பழகிய முதியவர்கள் முகம் சுளித்தார்கள்; இளையவர்கள் தங்களுக்கும் அந்த மேடையில் இடம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டார்கள். எல்லாரையும் கேலி செய்தாலும் எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை என்ற முதியவர்களின் குறையில் நியாயம் இருக்கிறது.

2022 செப்டம்பர் 29 அன்று அரங்கில் இருந்தவர்களிடமே விலகப்போவதைச் சொன்னார். பயணமும் மேடையும் மொழிகளும் தன்னை அழைப்பதாகச் சொன்னார். கடைசி நிகழ்ச்சி அதே ஆண்டு டிசம்பர் 8. அதன் முடிவில் தன்னை உருவாக்கிய கறுப்பினப் பெண்களுக்கு, தாய்க்கும் பாட்டிக்கும் அத்தைக்கும், நன்றி சொன்னார். விலகிய பிறகு, 2024 ஜனவரியில், அந்த நிகழ்ச்சிக்குச் சிறந்த உரையாடல் தொடருக்கான எம்மி கிடைத்தது. 2023-இல் நெதர்லாந்தின் எராஸ்மஸ் பரிசு பெற்றார். 1965-இல் சார்லி சாப்ளினுக்கும் அந்தப் பரிசு வழங்கப்பட்டிருக்கிறது. 2021 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கிராமி விருது விழாவைத் தொகுத்தார். 2018-இல் தொடங்கிய அவருடைய அறக்கட்டளை இங்குள்ள பள்ளிகளில் வேலை செய்கிறது. டெய்லி ஷோவில் அவர் விட்ட நாற்காலிக்கு நிலையான ஆள் கிடைக்காமல், 2024 பிப்ரவரியிலிருந்து திங்கட்கிழமைகளில் மட்டும் ஸ்டூவர்ட்டே திரும்ப வந்து உட்கார்ந்தார்.

அவரை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் டெய்லி ஷோவின் முழு நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்காதீர்கள். அன்றைய அமெரிக்கச் செய்தி தெரியாமல் பாதி விளங்காது. முதலில் பிரெஞ்சுத் தூதரின் மடலைப் பற்றிய பகுதி, அடுத்து 2015-இன் ஆப்பிரிக்க அதிபர் பகுதி, அதன் பிறகு லாரன் பேட்டி. இவற்றைப் பார்த்துவிட்டு நூலுக்குப் போங்கள். நூலை ஒலிவடிவில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. அவரே வாசித்திருக்கிறார், கோசாவும் சூலுவும் ஆஃப்ரிகான்ஸும் வரும் இடங்களில் எழுத்தில் காணாத பாதி விஷயம் குரலில் இருக்கிறது.